வழக்குத் தேதிக்கு முன் ஓர் அறையில் உட்காருங்கள்

நம் ஆலயத்தின் பழைய நிர்வாகத்தாருக்கும் புதிய நிர்வாகத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயாமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம்.

அலோர் ஸ்டார் உயர்நீதிமன்றத்தில் நம் மாரியம்மன் ஆலய வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரப்போகிறது. அந்தத் தேதிக்கு முன்னால் உங்கள் இரு தரப்பிலிருந்தும் தலா ஐந்து பேர் ஓர் அறையில் இரண்டரை நாள் சேர்ந்து உட்கார வேண்டும். இதைக் கேட்பதற்காகவே எழுதுகிறேன். வழக்கை மீட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. பகைத்தவர்கள் உட்கார்ந்து பேசுவதற்கென்று சோதித்துப் பார்த்த ஒரு முறை இருக்கிறது. அந்த முறைப்படி பேசுங்கள் என்கிறேன்.

உங்களில் ஒருவர் வீட்டுக்கு நேரில் வந்து இதைச் சொல்லியிருக்கலாம். வந்திருந்தால் அன்று மாலைக்குள் என்னை ஒரு கட்சியில் சேர்த்திருப்பார்கள். பசாரில் யார் யாருடைய கடையில் தேநீர் குடிக்கிறார்கள் என்பதைக்கூடக் கணக்கெடுக்கும் ஊராக நம் ஊர் ஆகிவிட்டது. ஆகவே இரு தரப்பும் ஒரே நேரத்தில் ஒரே சொற்களைப் படிக்கட்டும் என்று திறந்த மடலாக எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள். உளவியல் படித்து, இந்த ஊர் இடைநிலைப்பள்ளியில் வழிகாட்டி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் என் அறைக்கு எதற்கெல்லாமோ அழுதுகொண்டு வருவார்கள். ஆலயம் இரண்டுபட்ட பிறகுதான் "எங்கள் பெரியப்பா வீட்டுக்குப் போகக்கூடாதென்று சொல்லிவிட்டார்கள்" என்று அழுத பிள்ளைகளைக் கண்டேன். சாவு வீட்டுக்குக்கூடப் போகாமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். ஜப்பானியர் காலத்தில் சியாம் மரண ரயில் பாதை போடப் போனவர்களில் திரும்பி வராதவர்களுக்காக ஒரே கொட்டகையில் ஒப்பாரி வைத்த குடும்பங்கள் நாம்.

ஆடித் திருவிழாவுக்கு முன் இரு தரப்பும் வெளியிட்ட துண்டறிக்கைகளை அருகருகே வைத்துப் படித்தேன். பெயர்களை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. கணக்கை மறைக்கிறார்கள், அரசியல்வாதிக்குக் கையாட்கள், அவர்களுக்கு வேண்டியது பதவி, நாங்கள் எவ்வளவோ விட்டுக்கொடுத்துப் பார்த்துவிட்டோம். இரண்டிலும் இதேதான். பனிப்போர்க் காலத்தில், 1960ஆம் ஆண்டு, அமெரிக்க உளவியலாளர் யூரி ப்ரான்ஃபென்ப்ரென்னர் சோவியத் யூனியனுக்குப் போனார். அவருக்கு ரஷ்ய மொழி தெரியும் என்பதால் தெருவிலும் ரயிலிலும் சாதாரண மக்களோடு பேசினார். அவர்கள்தாம் சண்டைக்காரர்கள், அவர்களுடைய அரசு சொந்த மக்களையே ஏமாற்றுகிறது, அவர்களை நம்ப முடியாது என்று தம் நாட்டில் ரஷ்யர்களைப் பற்றிக் கேட்டதையெல்லாம் அங்கே அமெரிக்கர்களைப் பற்றிக் கேட்டார். அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையில் இதைக் கண்ணாடிப் பிம்பம் என்றார். இதனால் இரு தரப்புக்கும் சம அளவு நியாயம் இருக்கிறது என்று ஆகிவிடாது. மற்றவரைப் பற்றி உங்களிடமிருக்கும் படம் மற்றவரைப் பார்த்து வரைந்ததல்ல என்பதை மட்டும் அது காட்டுகிறது.

உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த விரும்புகிறவர் ஹெர்பர்ட் கெல்மன் என்ற சமூக உளவியலாளர். 1927இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது அவருக்குப் பதினொரு வயது நிறையச் சில நாட்களே இருந்தன. மறு ஆண்டு குடும்பம் பெல்ஜியத்துக்குத் தப்பி ஓடியது. 1940இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அங்கே இளம் வயதில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் இறங்கினார். பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தார். (நம் பீடோங் பக்கத்திலும் அதே பெயரில் ஒரு தோட்டம் உண்டு, போர் முடிந்ததும் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை எழுந்த மண் அது. நம்மவர்கள் கட்டுப்பாட்டோடு ஒன்றுசேரத் தெரிந்தவர்கள் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் சாட்சி.) கெல்மன் 2022இல் 94 வயதில் மறைந்தார். தம் இனத்தை அழிக்க வந்தவர்களிடமிருந்து உயிர் தப்பிய ஒருவர், வாழ்நாளின் பெரும்பகுதியை இஸ்ரேலியர்களையும் பாலஸ்தீனர்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதில் செலவிட்டார்.

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். இந்த முறை முதன்முதலில் சோதிக்கப்பட்டது நம் நாட்டுச் சண்டையில்தான். இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து மோதிய கொன்ஃப்ரொந்தாசிக் காலத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1964 செப்டம்பரில் ஜொகூரில், தோட்டங்கள் சூழ்ந்த லாபிஸ் பகுதியில், இந்தோனேசியப் படையினர் பாராசூட்டில் குதித்தார்கள். 1965 டிசம்பரில், சிங்கப்பூர் பிரிந்து நான்கே மாதங்கள் ஆகியிருந்த நிலையில், ஆஸ்திரேலிய வெளியுறவுத் துறையின் முன்னாள் செயலாளர் ஜான் பர்ட்டன் லண்டனில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று தரப்பினரையும் ஓர் அறைக்கு வரவழைத்தார். வந்தவர்கள் பேரம் பேசும் அதிகாரம் பெற்றவர்கள் அல்லர்; தங்கள் அரசு எப்படிச் சிந்திக்கிறது என்று அறிந்தவர்கள். சுற்றிலும் கல்வியாளர்கள் அமர்ந்திருந்தார்கள். 1966 ஆகஸ்ட் 11இல் சமாதானம் கையெழுத்தானது. அந்த அறையால்தான் சண்டை நின்றது என்று நான் சொல்ல மாட்டேன். இந்தோனேசியாவில் அதிகாரம் கைமாறியதே பெரிய காரணம். ஆனாலும் பகைவர்கள் பேரம் பேசாமல், தங்கள் பகையையே ஒன்றாக அலசிப் பார்க்க முடியும் என்பது அங்கே தெரிந்தது. அடுத்து 1966இல் சைப்பிரஸ் தீவுக்காக பர்ட்டன் நடத்திய சந்திப்பில் கெல்மனும் பங்கேற்றார். அதன்பின் இந்த முறையைத் தமதாக்கி வளர்த்தார். 1971இல் இஸ்ரேலியர், பாலஸ்தீனர் இடையே தம் முதல் பயிலரங்கை நடத்தினார்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் இதுவரை உட்கார்ந்த கூட்டங்கள் எதையும் போன்றதல்ல இது.

ஒவ்வொரு தரப்பிலிருந்தும் மூன்று முதல் ஆறு பேர் வருவார்கள். தலைவர்களே வர வேண்டியதில்லை. தலைவர்கள் காது கொடுத்துக் கேட்கக்கூடியவர்கள் வந்தால் போதும். முதலில் நடுவர் குழு ஒவ்வொரு தரப்போடும் தனித்தனியாகப் பேசும். பிறகுதான் எல்லாரும் சேர்ந்து உட்காருவார்கள். பார்வையாளர் கிடையாது, ஒலிப்பதிவு கிடையாது, யார் என்ன சொன்னார் என்பது வெளியே போகாது. நடுவரைப் பார்த்தோ வெளியே இருக்கும் தங்கள் ஆட்களுக்காகவோ பேசக்கூடாது. எதிரே இருப்பவரோடு பேச வேண்டும். யார் முதலில் கல்லெறிந்தார் என்று வாதாடுவதற்கு அங்கே இடமில்லை. மேசையைச் சுற்றி இருக்கும்வரை இரு தரப்பும் சமம். முடிவில் உடன்பாடு வந்தே ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கிடையாது. உடன்பாட்டுக்குக் கட்டாயம் இல்லாதபோதுதான் மனிதன் உள்ளதைச் சொல்லத் துணிகிறான்.

பேச்சுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஒவ்வொரு தரப்பும் தன் தேவைகளையும் அச்சங்களையும் சொல்ல வேண்டும். கோரிக்கையைச் சொன்னால் கெல்மன் விடமாட்டார். அந்தக் கோரிக்கைக்கு அடியில் என்ன பயம் இருக்கிறது என்று கேட்பார். மற்றவர் சொன்னதை இவர் சரியாகப் புரிந்துகொண்டார் என்று மற்றவரே ஒப்புக்கொள்ளும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. இரு தரப்பின் அச்சங்களும் மேசைக்கு வந்த பிறகே, இரண்டையும் நிறைவு செய்யும் தீர்வு எப்படி இருக்கும் என்று சேர்ந்து யோசிப்பார்கள். அதன்பின் அந்தத் தீர்வுக்குத் தடையாக அவரவர் ஆட்களிடையே என்னென்ன இருக்கின்றன என்று பேசுவார்கள். கடைசியாக, அந்தத் தடைகளைத் தாண்ட ஒருவருக்கொருவர் எப்படி உதவலாம் என்று பார்ப்பார்கள். உங்கள் எதிரி தன் ஆட்களிடம் பேசுவதற்கு நீங்கள் உதவுவது! ஆலய விவகாரத்தில் இதை யாராவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

இப்போது நம் ஆலயத்துக்கு வருவோம்.

பழைய நிர்வாகத்தார் கேட்பது சாவி. கருவறைச் சாவியும் உண்டியல் சாவியும் லயத்தில் வாழ்ந்த குடும்பங்களிடமே இருக்க வேண்டும் என்கிறீர்கள். தண்டலுக்கும் கிராணிக்கும் அஞ்சிய காலத்திலும் விடியற்காலைப் பெயர்ப்பதிவான பிரட்டுக்குப் போகும் முன் அம்மனுக்கு விளக்கேற்றியவர்கள் உங்கள் தாய்மார்கள். கித்தா (ரப்பர்) மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையையும் அழித்துத் தாமான் என்று குடியிருப்பு கட்டினார்கள். லயம் போனது, ஆயாக்கொட்டகை போனது, பள்ளி இடம் மாறியது, இடுகாட்டைப் புல் மூடிவிட்டது. நீங்கள் அங்கே வாழ்ந்தீர்கள் என்பதற்கு நிலத்தின் மேல் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த ஆலயம். அதுவும் கைவிட்டுப் போனால் நீங்கள் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். நான் கேட்டவரையில் உங்கள் அச்சம் இதுதான்.

புதிய நிர்வாகத்தார் கேட்பது பதிவும் கணக்கும். சங்கப் பதிவிலாகாவில் முறையாகப் பதிய வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும், நிலத்தை ஆலயத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்கிறீர்கள். இதைப் பதவி ஆசை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். 2007இல் தீபாவளி நெருங்கிய நேரத்தில் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் ஆலயத்தை இடித்ததை நீங்கள் மறக்கவில்லை. 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீஃபீல்டு ஆலயத்தில் கலவரம் மூண்டு, கடமைக்கு வந்த ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்ததையும் மறக்கவில்லை. சீஃபீல்டும் ஒரு தோட்டத்து ஆலயமாகத் தொடங்கியதுதான். தாள் சரியாக இல்லாவிட்டால் ஒரு காலை நேரத்தில் இயந்திரம் வந்து நிற்கும் என்பது உங்கள் அச்சம்.

ஆலயம் இல்லாமல் போய்விடும் என்றுதான் இரு தரப்பும் அஞ்சுகிறீர்கள். ஆனால் இதை நான் எழுதி நீங்கள் படிப்பதில் பெரிய பயன் இல்லை. மற்றவர் வாயிலிருந்து அந்த அச்சம் வருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கெல்மன் முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று இரு தரப்பிலும் சிலர் நம்புகிறீர்கள். கெல்மன் 1958லேயே ஒன்றைக் காட்டினார். மனிதர்கள் ஒரு விஷயத்துக்கு மூன்று விதமாக உடன்படுகிறார்கள். தண்டனைக்கோ பலனுக்கோ பணிவது ஒன்று. தனக்கு வேண்டிய ஓர் உறவைக் காத்துக்கொள்ள ஏற்பது இன்னொன்று. தன் சொந்த மதிப்புகளோடு பொருந்துவதால் உள்ளத்தில் தனதாக்கிக்கொள்வது மூன்றாவது. பல ஆண்டுகள் கழித்து இதையே பகை தீரும் விதங்களோடு பொருத்திப் பார்த்தார். அதிகாரத்தின் கீழ் ஒரு முடிவுக்கு வருவது முதல் வகை. அது கண்காணிப்பு இருக்கும்வரை நிற்கும். இருவரின் தேவையும் நிறைவேறி உறவு புதுப்பிக்கப்படுவது இரண்டாவது. நல்லிணக்கம் என்பது மூன்றாவது. அங்கே மனிதர்கள் தாங்கள் யார் என்ற எண்ணத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். "நாங்கள் என்றால் அவர்கள் அல்லாதவர்கள்" என்று எண்ணிப் பழகியவர்கள், மற்றவரை மறுப்பதைத் தங்கள் அடையாளத்திலிருந்து நீக்கிக்கொள்ள வேண்டும். மற்றபடி தங்கள் அடையாளத்தின் மையம் அப்படியே இருக்கலாம்.

நம் பிள்ளைகளுக்காக என்னை உறங்கவிடாமல் செய்வது இதுதான். நீங்கள் சண்டைக்கு முன்பே வளர்ந்தவர்கள். உங்களுக்கு ஒன்றாக வாழ்ந்த நினைவு இருக்கிறது. கோபம் தணிந்தால் திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது. இன்று பதின்மூன்று, பதினான்கு வயதில் இருக்கும் பிள்ளைக்கு அப்படி எதுவும் இல்லை. "நான் யார்?" என்று அவன் கேட்கத் தொடங்கும் வயதில் "நீ அந்தக் கோயில் ஆள் இல்லை" என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் முதல் பதிலாக இருக்கிறது. தீர்ப்பு யார் பக்கம் வந்தாலும் அவனுக்குள் போனதை அது எடுத்துவிடாது.

"இஸ்ரேலில் அவர் என்ன சாதித்தார்? காஸாவைப் பார்க்கவில்லையா?" என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் போகக்கூடாது. பார்க்கிறேன். அங்கே இறந்த குழந்தைகளின் படங்களைப் பார்த்துவிட்டு இந்த மடலை எழுதுவது எளிதாக இருக்கவில்லை. கெல்மனின் பயிலரங்குகள் அந்த மண்ணுக்கு அமைதியைக் கொண்டுவரவில்லை. அவர் தம் சக ஆய்வாளர் நதீம் ரூஹானாவுடன் சேர்ந்து 1990 முதல் 1993 வரை இரு தரப்பிலும் செல்வாக்குள்ள ஒரே குழுவைத் தொடர்ந்து சந்திக்க வைத்தார். பயிலரங்குகளில் கலந்துகொண்டவர்களில் சிலர் பிறகு அதிகாரபூர்வமான பேச்சுகளிலும் இருந்தார்கள். 1993 செப்டம்பர் 13இல் இரு தரப்புக்கும் இடையே ஒஸ்லோ உடன்படிக்கை கையெழுத்தானது. 1995 நவம்பர் 4இல் இஸ்ரேலியப் பிரதமர் ரபீனைச் சுட்டுக் கொன்றவன் பாலஸ்தீனன் அல்லன். அவர் சொந்த இனத்தவன்.

அந்தத் தோல்வியிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன என்று நினைக்கிறேன். அறைக்குள் மனம் மாறியவர் வெளியே வந்ததும் சொந்த ஆட்களிடம் மாட்டிக்கொள்கிறார். கெல்மனுக்கு இது தெரிந்தே இருந்தது. பங்கேற்பவர்கள் ஒருவரோடொருவர் மிகவும் நெருங்கிவிட்டால் ஊர் திரும்பியதும் அவர்களுடைய சொல் எடுபடாது என்று எச்சரித்திருக்கிறார். நம் ஊரில் இதற்குக் கொலைகாரன் தேவையில்லை, புலனக் (வாட்ஸ்அப்) குழு போதும். "விலை போய்விட்டான்" என்று ஒரு குரல் பதிவு வந்தால் அந்த மனிதர் பிறகு வாய் திறக்க மாட்டார். ஆகவே யாரும் அறைக்குள் போகும் முன்பே, தங்கள் பேராளர்களை எவரும் இழித்துப் பேச விடமாட்டோம் என்று இரு நிர்வாகங்களும் தங்கள் பொதுக்கூட்டத்தில் அறிவிக்க வேண்டும்.

மற்றது இன்னும் கடினமானது. பாலஸ்தீனரான ரூஹானா பிற்காலத்தில் அழுத்தமாக எழுதினார்: உண்மையையும் நீதியையும் கடந்த காலத்துக்கான பொறுப்பையும் தொடாத எதையும் நல்லிணக்கம் என்று சொல்லக்கூடாது. மேசையில் இருவரும் சமமாக உட்காரலாம்; எழுந்து வெளியே போனால் ஒருவர் கையில் படை இருக்கிறது, மற்றவருக்கு நிலமே இல்லை. கெல்மனை நான் மதிக்கிறேன். இந்த இடத்தில் ரூஹானாவின் பக்கம் நிற்கிறேன். நம் ஊரிலும் பலம் சமமாக இல்லை. புதிய நிர்வாகத்தில் வழக்கறிஞர் இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார், மலாயிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய நிர்வாகத்தில் பால்மரம் வெட்டி முதுகு வளைந்தவர்கள் இருக்கிறார்கள். கணக்கு எழுதத் தெரியாததைத் திருட்டு என்று மேடையில் சொன்னது அநீதி. அதை அறையில் பேச வேண்டும். எதிர்ப்புறத்தில், ஆண்டுக்கணக்காகக் கணக்கு காட்டாததையும் பேச வேண்டும். "நாங்கள் கட்டிய கோயில்" என்பது உபயம் கொடுத்தவர்களுக்குப் பதிலாகாது.

இரு அறிக்கைகளும் தொடாத ஒன்று உண்டு. யார் வீட்டுப் பெண் கரகம் எடுக்கலாம், யாருடைய உபயம் முதல் நாளில் வர வேண்டும் என்ற சண்டைக்கு அடியில் கப்பலேறி வந்த சாதி இருக்கிறது. ஒரே மரத்தின் பாலை ஒரே வாளியில் ஏந்திய பிறகும் அதைச் சுமந்துகொண்டிருக்கிறோம். வழக்கு மனுவில் இதை எழுத முடியாது, நீதிபதியால் இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. மூடிய அறை ஒன்றில்தான் இது வாய் திறக்கும்.

தீபாவளிக்குப் பிறகு ஓர் அரசியல்வாதி ஏற்பாடு செய்த ஒற்றுமை விருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்தோடுதான் செய்தார். மண்டபத்தில் நடுவே நடைவழி விட்டு இரு பக்கமும் இரு தரப்பாக உட்கார்ந்து சாப்பிட்டுப் போனோம். போகும்போது வாசலில் வாய்ச்சண்டை. முஸாஃபர் ஷெரிஃப் என்ற துருக்கியில் பிறந்த உளவியலாளர் 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பதினொரு வயதுச் சிறுவர்கள் 22 பேரை இரண்டு அணிகளாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார். சில நாட்களில் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. ஒன்றாகச் சாப்பிட வைத்துப் பார்த்தார். சோற்றை எடுத்து வீசிக்கொண்டார்கள். முகாமுக்குத் தண்ணீர் வராமல் போனபோதும், லாரி நின்றுபோய் எல்லாரும் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தபோதும்தான் பகை தணியத் தொடங்கியது. ஒரு தரப்பால் தனியாகச் செய்ய முடியாத வேலை வேண்டும். விருந்து அந்த வேலை ஆகாது.

நமக்கு அந்த வேலை காத்திருக்கிறது. ஆலய நிலம் இன்னும் நம் பெயரில் இல்லை. நிலப் பட்டாவுக்காக இரண்டு நிர்வாகங்கள் இரண்டு கடிதம் அனுப்பினால் எந்த நில அலுவலகமும் இரண்டையும் ஒதுக்கித்தான் வைக்கும். உங்கள் இருவரில் எவர் வென்றாலும் மற்றவர் கையெழுத்து இல்லாமல் இது நகராது. நம் பெற்றோர் காலத்தில் தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்க, வேலையும் வீடும் இழந்து மக்கள் தெருவில் நின்றார்கள். அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அது முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை. அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தவர்கள் எந்தச் சாதி, எந்தக் கோயில் என்று யாரும் கேட்டதாக என் தாயார் சொன்னதில்லை. அந்தச் சங்கத்தின் பங்குத் தாள்கள் உங்கள் இரு தரப்பு வீடுகளிலும் இருக்கின்றன. பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இனி நான் கேட்பவற்றைத் தெளிவாகச் சொல்கிறேன்.

பயிலரங்கு ஊருக்கு வெளியே நடக்க வேண்டும். ஜெராய் மலையடிவாரத்திலோ பினாங்கிலோ இடம் பார்க்கலாம். செலவு ஆலய உண்டியலிலிருந்து வரக்கூடாது, எந்தக் கட்சியிடமிருந்தும் வரக்கூடாது. என்னோடு பணியாற்றிய சில ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். நடுவராகச் சட்டமன்ற உறுப்பினர் வேண்டாம், போலீஸ் வேண்டாம், நானும் வேண்டாம். நான் இந்த மண்ணில் பிறந்தவள். எனக்கும் உறவுகள் இருக்கின்றன. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் சிந்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்திலும் இதைக் கற்றவர்கள் இருக்கிறார்கள். தென் பிலிப்பீன்ஸில் பல்லாயிரம் உயிர்களைக் குடித்த மிண்டனாவோ போரில் பேச்சுவார்த்தைக்கு நடுவராக இருந்து, 2014 மார்ச்சில் விரிவான உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை உடன் நின்றது நம் மலேசியா. அந்த அனுபவத்தை ஓர் ஆலயத்துக்குப் பயன்படுத்தக் கேட்பது பெரிய ஆசையாக எனக்குத் தோன்றவில்லை. கெல்மன் தம் நடுவர் குழுவில் யூதரும் அரபியரும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். நம் நடுவர் குழுவிலும் தோட்டப் பின்னணியில் வந்த ஒருவரும் நகரத்தில் வளர்ந்த ஒருவரும் இருக்க வேண்டும் என்று கேட்போம்.

வழக்கு தன் வழியில் நடக்கட்டும். 2012ஆம் ஆண்டின் சமரசச் சட்டத்தில் பேசியதை இரகசியமாகக் காப்பதற்கு வழி இருக்கிறது. அங்கே சொன்னதை நீதிமன்றத்தில் எங்களுக்கு எதிராகத் திருப்புவார்களே என்ற பயம் இருந்தால், உங்கள் வழக்கறிஞர்களே சேர்ந்து முதலில் ஓர் ஒப்பந்தம் எழுதட்டும்.

பேராளர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மிகவும் உரக்கப் பேசுகிறவரை அனுப்பாதீர்கள். வளைந்து கொடுப்பவரையும் அனுப்பாதீர்கள். அவர் அங்கே சம்மதித்துவிட்டு வந்தால் இங்கே யாரும் ஏற்க மாட்டீர்கள். உங்கள் கோபத்தை முழுமையாகச் சொல்லத் தெரிந்தவரும், பிறர் பேசும்போது இடையில் குறுக்கிடாதவரும் வேண்டும்.

தலா ஐவரில் இருவராவது பெண்களாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் இரு நிர்வாகங்களிலும் ஒரு பெண்கூட இல்லை. பால்குடம் எடுப்பது பெண்கள், அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது பெண்கள், வாசல் கோலம் முதல் தேவார வகுப்பு வரை பெண்கள். இந்தச் சண்டையில் தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே கிழிந்துகொண்டிருப்பவர்களும் அவர்களே. அக்காள் ஒரு தரப்பிலும் தங்கை மறுதரப்பிலும் வாழ்க்கைப்பட்ட குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். மறுதரப்பின் அச்சம் என்னவென்று அந்தப் பெண்களிடம் கேளுங்கள். பாதிக்கு மேல் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

பெயர்ப் பட்டியலை இரு தரப்பும் தனித்தனியே உறையில் இட்டு என் வீட்டில் கொடுத்தால் போதும். ஒரு தரப்பின் உறையை மறுதரப்பின் உறை வந்து சேரும்வரை பிரிக்க மாட்டேன். இரண்டும் வந்த அன்றே பல்கலைக்கழகத்துக்கு எழுதுகிறேன். வராவிட்டால், திருவிழாக் கூட்டத்தில் இரு தரப்புப் பெண்களையும் நேரில் சந்தித்து இதையே கேட்பேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டத்துப் பெண்,
ஓய்வுபெற்ற வழிகாட்டி ஆசிரியை